வண்டிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று

மடவளையில் என் அயலவர் ஒருவர் பழைய வான் ஒன்றைச் சிறு வீடாக மாற்றி அமைத்தார். பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டுப் படுக்கை, சிறிய குளிர்சாதனப் பெட்டி, மின்விசிறி, விளக்குகள் ஆகியவற்றைப் பொருத்தினார். பாடசாலை விடுமுறை வந்ததும் குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு திகன, தெல்தெனிய வழியாக ஹுன்னஸ்கிரி மலைப்பக்கம் புறப்பட்டார். அவருடைய வயோதிபத் தாயாரும் உடன் சென்றார். நீரிழிவு நோயுடைய அம்மூதாட்டியின் இன்சுலின் குப்பிகள் குளிர்சாதனப் பெட்டியினுள் இருந்தன.

இரவு இன்பமாகவே கழிந்தது. விடிந்ததும் சாவியைத் திருப்பினார். 'டிக்' என்ற ஓசை மட்டுமே எழுந்தது. குளிர்சாதனப் பெட்டியும் ஓய்ந்து கிடந்தது. நல்ல வேளையாக, அண்டையிலிருந்த தேநீர்க் கடைக்காரர் தம் குளிர்சாதனப் பெட்டியில் மருந்துக்கு இடங்கொடுத்தார். அவ்வழியே வந்த லொறிச் சாரதி ஒருவர் தம் பற்றரியிலிருந்து வயர் தொடுத்து வானின் இயந்திரத்தை உயிர்ப்பித்தார்.

"வாப்பா, பற்றரி புதிதுதானே? ஒரே இரவில் எப்படிச் செத்தது?" என்று மகன் கேட்டானாம். நல்ல கேள்வி. அதற்கு விடை காண்பதே இவ்வாரக் கட்டுரையின் நோக்கம்.

வண்டிகளில் நாம் காணும் ஈய அமிலப் பற்றரியின் மூலவடிவத்தை 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி கஸ்தோன் பிளாந்தே ஆக்கினார். ஈயத் தகடுகள் ஐதான சல்பூரிக்கமிலத்தில் அமிழ்ந்திருக்கும் ஒரு கலம் ஏறத்தாழ 2 வோல்ற் தரும். ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் 12 வோல்ற் பற்றரி கிடைக்கும். ஆனால், உள்ளே இருக்கும் தகடுகளின் தன்மையைப் பொறுத்து அதன் தொழில் வேறுபடும்.

இயந்திரத்தைத் தொடக்கும் பற்றரியில் மெல்லிய தகடுகள் பல நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. மேற்பரப்பு பெரிதாகையால் அது ஒரே வேகத்தில் பெருமின்னோட்டத்தை வழங்க வல்லது. மாணவர்கள் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம்: 200 அம்பியர் மின்னோட்டம் 5 செக்கன்களுக்குப் பாய்ந்தால் 1000 அம்பியர்-செக்கன், அதனை 3600ஆல் வகுத்தால் 0.28 அம்பியர்-மணிதான் வரும். 5 வாற்று விளக்கொன்று ஒரு மணி நேரம் எரிவதற்கு 0.42 அம்பியர்-மணி வேண்டும். அஃதாவது, அவ்வளவு பெரிய இயந்திரத்தை எழுப்பும் வேலை ஒரு சிறு விளக்கின் ஒரு மணி நேரச் செலவுக்கும் குறைவானதே! அச்செலவையும் இயந்திரம் ஓடத் தொடங்கியதும் 'ஆல்ட்டனேட்டர்' என்னும் மின்பிறப்பாக்கி விரைவில் ஈடுசெய்துவிடும். ஆகவே, அப்பற்றரி எப்பொழுதும் நிறைந்தே இருக்கப் பழகியது. விடிய விடிய உழைக்க அது பிறக்கவில்லை. அயலவரின் குளிர்சாதனப் பெட்டியும் விசிறியும் விளக்குகளும் சேர்ந்து அதன் பாதிக்கு மேல் இரவிலேயே உறிஞ்சிவிட்டன.

இதனாலேயே வீட்டு வண்டிகளில் இரண்டாவது பற்றரி ஒன்று வைக்கப்படுகிறது. அதன் தகடுகள் தடித்தவை. சிறு மின்னோட்டத்தை நெடுநேரம் வழங்கி, வெறுமையாகி, மீண்டும் நிறைவதைப் பலமுறை தாங்கக்கூடியவை. எனினும் அதற்கும் எல்லையுண்டு. ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்காதிருப்பது நன்று. வெறுமையாகவே விட்டுவைத்தால் தகடுகளில் படியும் ஈயச் சல்பேற்று கடினமான பளிங்குகளாக இறுகிவிடும். பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய கொள்ளளவு மீளாது. எனவே, 100 அம்பியர்-மணி என்று பொறித்த பற்றரியில் நமக்கு உரியது 50 மட்டுமே.

இனி, ஒரு நாட் செலவைப் பார்ப்போம். சிறிய குளிர்சாதனப் பெட்டிக்கு ஏறத்தாழ 30 அம்பியர்-மணி, 15 வாற்று விசிறி எட்டு மணி நேரம் சுழன்றால் 10, விளக்குகளுக்கு 5, கைத்தொலைபேசிகளுக்கு 5. ஆக மொத்தம் 50. இச்செலவுக்கு வரவு எங்கிருந்து வரும்?

முதலாவது வரவு ஓடும் இயந்திரத்திலிருந்து. இரு பற்றரிகளையும் வெறும் வயரால் நிரந்தரமாகப் பிணைத்துவிட்டால் இரவில் இரண்டும் சேர்ந்தே வெறுமையாகும். ஆதலால் இடையே 'றிலே' என்னும் தானியங்கு ஆளியைப் பொருத்துவர். ஆல்ட்டனேட்டர் இயங்கி மின்னழுத்தம் 13.3 வோல்ற் அளவுக்கு உயர்ந்ததும் அது இணைக்கும். இயந்திரம் நின்று மின்னழுத்தம் வீழ்ந்ததும் பிரித்துவிடும். ஆனால், நீண்ட வயரில் மின்னழுத்தம் குறையும். புதிய வண்டிகள் பலவற்றில் எரிபொருளைச் சிக்கனப்படுத்துவதற்காக ஆல்ட்டனேட்டரே தன் மின்னழுத்தத்தைத் தாழ்த்திக்கொள்ளும். அத்தகைய வண்டிகளுக்கு, மின்னழுத்தத்தை 14.4 வோல்ற் வரை உயர்த்திக் கொடுக்கும் மின்னேற்றி தேவை.

அப்படியாயினும் காலத்தைக் குறுக்க முடியாது. சாக்கில் நெல் கொட்டும்போது முக்கால் பங்கு விரைவில் நிரம்பும்; எஞ்சியதைக் குலுக்கிக் குலுக்கியே அடக்க வேண்டும். பற்றரியும் அத்தகையதே. 20 அம்பியர் மின்னேற்றி வைத்திருந்தாலும், ஹுன்னஸ்கிரிக்குச் செல்லும் ஒரு மணி நேரப் பயணத்தில் 20 அம்பியர்-மணிக்கு மேல் ஏறாது.

இரண்டாவது வரவு சூரியனிடமிருந்து. கூரைமீது 100 வாற்று சூரியப் படல் ஒன்றிருந்தால் நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய 25 அம்பியர்-மணி கிடைக்கும். மலைப்புகார் மூடினால் அதுவும் சுருங்கும். இரண்டையும் கூட்டினால் 45; செலவோ 50. பற்றாக்குறை வீட்டுக் கணக்கில் மட்டுமா? ஆகவே, புறப்படுவதற்கு முதனாள் இரவே வீட்டு 230 வோல்ற் மின்சாரத்தில் உரிய மின்னேற்றியைத் தொடுத்துப் பற்றரியை நிரப்பிவைப்பது அறிவுடைமை.

இலிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரிகளில் எண்பது சதவீதத்தையும் அச்சமின்றிப் பயன்படுத்தலாம், பாரமும் குறைவு. விலைதான் அதிகம். அவற்றுக்கென அமைந்த மின்னேற்றியையே பயன்படுத்தல் வேண்டும்.

பாதுகாப்புப் பற்றி இரண்டு சொற்கள். திரவ அமிலப் பற்றரி மின்னேற்றப்படும்போது ஐதரசன் வாயுவை வெளிவிடும். அது தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஆகையால் உறங்குமிடத்தில் அதனை மூடிவைக்கலாகாது. வாயு வெளியே செல்ல வழி வேண்டும். நேர்முனைக்கு மிக அருகிலேயே உருகி ஒன்றைப் பொருத்துதல் வேண்டும்; இல்லையேல் உராய்ந்து தோலுரிந்த ஒரு வயரே வண்டியை எரித்துவிடப் போதும்.

வண்டி வைத்திராதவர்களுக்கு இவ்வறிவு எதற்கு என எண்ணற்க. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியது நினைவிருக்கும். வீட்டில் பற்றரி வைத்து விளக்கேற்றுவோருக்கும் இதே கணக்குத்தான்.

அயலவரின் வானில் இப்போது இரு பற்றரிகள் உள்ளன. பாட்டியாரின் மருந்து இரண்டாவதன் பொறுப்பு. மகன் காலையும் மாலையும் அதன் மின்னழுத்தத்தை அளந்து பயிற்சிக் கொப்பியில் எழுதி வருகிறான்: பற்றரி ஓய்ந்திருக்கையில் 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. 12.2ஐக் கண்டதும் "வாப்பா, விசிறியை நிறுத்துங்கள்" என்கிறான். சென்ற முறை ஹுன்னஸ்கிரியில் விடிந்தபோது, சாவியைத் திருப்பியவுடன் வான் புறப்பட்டது.