மாரி பார்த்த பின்பே கடைசிக் காசு

கிடுகுக் கூரை ஒழுகினால் இன்னொரு கிடுகைச் செருகிவிடலாம். கொங்கிறீற்றுத் தட்டைக் கூரை ஒழுகினால் அவ்வளவு இலகுவில் திருத்த முடியாது. உள்ளே இறங்கும் நீர் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவேறிய கம்பி பருத்துக் கொங்கிறீற்றை வெடிக்கச் செய்யும். தறப்பாளின் கீழ் பல மாரிகளைக் கழித்த எமது மக்களுக்கு இது வெறும் கட்டட நுட்பப் பிரச்சினையன்று.

பொது மண்டபமொன்றின் ஒப்பந்தத்தில் "கூரைக்கு நீர்க்காப்பு" என்ற ஒரே வரியுடன் கையொப்பமிட்டவர்களில் நானும் ஒருவன். முதற் கார்த்திகையிலேயே அங்கு அடுக்கியிருந்த விதைநெல் மூடைகள் நனைந்தன. ஒப்பந்தகாரர் முழுப் பணத்தையும் ஏற்கனவே பெற்றுவிட்டார். என்ன செய்ய வேண்டும் என்று நாம் எழுதவில்லை; ஆகவே செய்யவில்லை என்று கேட்கவும் வழியிருக்கவில்லை. அந்தத் தவறில் எமக்கும் பங்குண்டு.

எனவே, கொங்கிறீற்றுப் போடுமுன்னரே சில விடயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் வடிய 10 அடிக்கு 3 அங்குலச் சரிவு வேண்டும். வேலையில் சிறிது பிசகினாலும் அதிற் பாதியாவது மிஞ்சும். நீர்க்காப்புப் படைக்கு என்ன பொருள், எவ்வளவு தடிப்பு என்பதைக் குறிப்பிடுங்கள். சுற்றுச்சுவரில் அது 6 அங்குலம் மேலேற வேண்டும். சுவர் சேரும் மூலையும் குழாய் துளைக்கும் இடமுமே பெரும்பாலும் ஒழுகும். வடிகுழாய் ஒன்று அடைத்தாலும் நீர் போக இரண்டாவது இருக்கட்டும்.

நீர்க்காப்பு முடிந்ததும், அதன்மேல் சாந்து பூசுமுன் சோதித்துப் பாருங்கள். வடிகுழாய்களை அடைத்து, வயலுக்குப் போல பகுதி பகுதியாகச் சிறு வரம்பு கட்டி, 2 அங்குலத்துக்கு மேற்படாமல் தண்ணீரை 2 நாள் நிறுத்துங்கள். கீழே ஈரம் கண்டால் அந்த இடத்துக்கு நேர்மேலே மட்டும் தேடாதீர்கள். எலிவளையில் புகுந்த நீர் வேறிடத்தில் வெளிவருவது உங்களுக்குத் தெரியும், கூரையிலும் அப்படித்தான். சோதனை முடிந்தபின் அன்ரனாவுக்கோ தண்ணீர்த் தாங்கிக்கோ எவரும் அங்கு துளையிடலாகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது பணம். ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்கை முதல் மாரி முடியும்வரை கிராம அபிவிருத்திச் சங்கம் தன் கையில் வைத்திருக்க வேண்டும். இதுவும் முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். நேர்மையான ஒப்பந்தகாரர் இதற்குக் கோபிக்கமாட்டார்.

"நாங்கள் படிக்காதவர்கள், எப்படிக் கேட்பது?" என்று சிலர் தயங்குகின்றனர். வரம்பைப் பார்க்காமல் வயலுக்குத் தண்ணீர் கட்டும் கமக்காரர் உண்டோ? தண்ணீரின் போக்கை உங்களைவிட நன்கு அறிந்தவர் யார்? துணிந்து கேளுங்கள், ஏணி வைத்து ஏறியும் பாருங்கள்.