தலைவர் இல்லையென்றால் யார் சட்டையைப் பிடிப்பது?

"எங்கள் காயினுக்கு முதலாளி கிடையாது, உறுப்பினர்களே நடத்துகிறோம். ஏமாற்றவும் ஆள் இல்லை." கிரிப்டோவில் பணம் போடச் சொல்கிறவர்களின் பழகிய பேச்சு இது.

ஆள் இல்லையா? சுஷிஸ்வாப் என்ற கிரிப்டோ பரிமாற்றத் தளத்தை 'செஃப் நோமி' என்ற புனைபெயரில் ஒருவர் தொடங்கினார். 2020 செப்டம்பரில் அதன் வளர்ச்சி நிதியிலிருந்த சுமார் 1.4 கோடி டாலரைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். கூச்சல் கிளம்பியதும் தளத்தின் கட்டுப்பாட்டை கிரிப்டோ தொழிலதிபர் சாம் பேங்க்மேன் ஃப்ரீடிடம் ஒப்படைத்தார். சில நாளில் மன்னிப்புக் கேட்டுப் பணத்தையும் திருப்பினார். சாவி வாங்கிய அந்தப் புண்ணியவானுக்கு 2024இல் வேறொரு மோசடியில் 25 ஆண்டு சிறை.

எல்லோருக்கும் ஓட்டு உண்டு என்பார்கள். உண்டுதான், ஆனால் டோக்கன் எத்தனையோ அத்தனை ஓட்டு. நம் ஊரில் அப்படியல்ல: தொப்பம்பட்டி ஒன்றியத்துக் கிராமசபையில் பத்து ஏக்கர் தென்னந்தோப்புக்காரர் கை தூக்கினாலும் நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மா தூக்கினாலும் ஒரே கணக்கு. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் பதவியில் இருக்கும்போது ஊராட்சிக் காசோலையில் அவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் தவறினால் ஊராட்சிகள் சட்டம் 205ஆம் பிரிவில் ஆட்சியர் நடவடிக்கை எடுக்கலாம். ஊராட்சியில் ஊழலே இல்லை என்று நான் சொல்லவில்லை. யாரைக் கேட்பது என்று ஊருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

நிரல்தான் சட்டம், மனிதர் தலையிட முடியாது என்பது அடுத்தது. 'டாவோ' என்றால் உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு நிரல் வழியே நடத்தும் அமைப்பு. 2016 ஜூனில் 'தி டாவோ' என்ற அப்படியொரு முதலீட்டு நிதியிலிருந்து 36 லட்சம் ஈதர் நாணயம் களவு போனது. ஜூலை 20இல் அந்த நாணயம் ஓடும் எத்தேரியம் பிளாக்செயின் சங்கிலியையே பிரித்து அதை மீட்டார்கள். செய்தது சரிதான். ஆனால் முடிவெடுக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது அன்றே வெளிச்சமாகிவிட்டது.

சட்டம் தொடாது என்ற துணிச்சலில்தான் ஊக்கி டாவோ என்ற கிரிப்டோ வர்த்தக அமைப்பையும் உருவாக்கினார்கள். அமெரிக்கப் பண்ட முன்பேர வர்த்தக ஆணையம் (CFTC) வழக்குப் போட்டது; 2023 ஜூனில் நீதிமன்றம் சுமார் 6.44 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. ஓட்டுப் போட்ட உறுப்பினர்களும் பொறுப்பாளிகளே என்பது ஆணையத்தின் வாதம். முதலாளியே இல்லை என்று பெருமைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம்மூரிலும் நிலைமை மாறுகிறது. வாசிர்எக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை ஒரு நிறுவனம்தான், உறுப்பினர் அமைப்பல்ல. ஆனாலும் 2024 ஜூலைக் களவில் போன சுமார் 23 கோடி டாலரை வாடிக்கையாளர் எல்லோர் தலையிலும் பகிர்ந்து கட்டப் பார்த்தது. களவு போகாத நாணயத்தை வைத்திருந்த ஒருவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். கிரிப்டோவும் சொத்துதான், அதை ஒருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று கூறி 2025 அக்டோபரில் நீதிமன்றம் அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது.

பணம் போடுமுன் கேளுங்கள்: நிதியை எடுக்கும் சாவி யார் யார் கையில், அவர்கள் பெயர் என்ன, எந்த ஊர்? "எல்லோரும்தான்" என்று பதில் வந்தால் பையிலிருந்து பணத்தை எடுக்காதீர்கள்.