உள்கைப்பிடியைக் கழற்றச் சொன்னால்...

50 வயது கடந்த வில்லிஸ், டாட்ஜ் பிக்கப் வண்டிகளைப் புதுப்பித்து ஓட்டுவது வசதி படைத்தவர்களின் ஆசை. ஓட்டட்டும், பெங்களூர்ப் பட்டறைகளில் டிங்கர் வேலையும் ஒயரிங் வேலையும் செய்யும் நம்மவர்களுக்கும் அதனால் நாலு காசு கிடைக்கிறது. ஆனால் அந்த வண்டிகளின் கதவில் செய்யச் சொல்லும் ஒரு வேலையைப் பற்றி எச்சரித்தே ஆகவேண்டும்.

பழைய பிக்கப்பின் உள்கைப்பிடி எளிய பொருள். சதுரத் தண்டு ஒன்றில் அது செருகி நிற்கும். திருப்பினால் கதவுக்குள் இருக்கும் கம்பி இழுபட்டு, பூட்டின் நாக்கு விலகும். கைப்பிடியை விட்டதும் ஸ்பிரிங் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். நாளாக ஆகச் சதுரத் துளை தேய்ந்து வட்டமாகிவிடும். அப்புறம் கைப்பிடிதான் சுற்றும்; கதவு திறக்காது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டித் திறக்கவேண்டியதுதான். சரக்கு வண்டி டிரைவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

இதற்குப் புதுக் கைப்பிடி போடலாம். தண்டில் வெல்டு வைத்து ராவலாம். புதுமாதிரிப் பூட்டையே பொருத்தி, பழைய கைப்பிடியோடு கம்பியால் இணைக்கலாம், அது நல்லதும்கூட. மோதலில் கதவு திறந்துகொள்வதைத் தடுக்கத்தான் ஃபோர்டு கம்பெனி 1956 மாடல் கார்களில் இரட்டைப் பிடிப்புப் பூட்டைக் கொண்டுவந்தது.

ஆனால் அமெரிக்க ஆடம்பர வண்டிகளைப் பார்த்து, உள்ளும் புறமும் கைப்பிடிகளை எடுத்துவிட்டு, பட்டனை அமுக்கினால் சோலினாய்டு பூட்டை இழுக்கும்படி செய்யச் சொல்கிறார்களே, அதை எப்படி ஒப்புக்கொள்வது? கதவு வழவழவென்று அழகாக இருக்கும், சரி. மோதலில் பாட்டரி ஒயர் அறுந்தால்? ஒயரிங்கில் தீப்பிடித்தால்?

2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த பழம்பெரும் வாகன விதி சேஸிஸ், பாடி, என்ஜின் மாற்றங்களைத்தான் பெரிதாகப் பேசுகிறது. அதே மத்திய அரசு, 1-7-2019 முதல் டாக்சிகளில் குழந்தைப் பூட்டு கூடாது என்றது. உள்ளே இருப்பவர் தாமே கதவைத் திறக்க முடியவேண்டும் என்பதற்காக. டாக்சிப் பயணிக்கு உள்ள அந்தப் பாதுகாப்பு பிக்கப்பில் உட்காருபவருக்கு வேண்டாமா?

சோலினாய்டு கேட்கும் வண்டிக்காரருக்கு அதைப் போட்டுக் கொடுங்கள். ஆனால் உள்ளே ஒரு கைப்பிடியும் அதிலிருந்து பூட்டுவரை ஒரு கேபிளும் இல்லாமல் கதவின் உள்பலகையை மூட மறுத்துவிடுங்கள். பாட்டரியைக் கழற்றிவிட்டு, அவரையே உள்ளே உட்காரவைத்துத் திறந்து பார்க்கச் சொன்ன பிறகு சாவியைக் கொடுங்கள்.