வயல் தீயோடு முடியாத டெல்லிப் புகை

அக்டோபர் கடைசியில் டெல்லி வானம் சாம்பல் பூக்கத் தொடங்கியதும், தொலைக்காட்சி விவாதங்களில் ஆண்டுதோறும் ஒரே குற்றச்சாட்டு ஒலிக்கிறது: பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் நெல் தாளைக் கொளுத்துகிறார்கள், அதனால்தான் தலைநகரம் மூச்சுத் திணறுகிறது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. வடமேற்குக் காற்று வாகாக வீசிய சில நாள்களில், டெல்லியின் நுண்துகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வயல் புகையாக இருந்ததுண்டு. அந்தச் சில நாள்களை வைத்துக் குளிர்காலம் முழுவதற்கும் தீர்ப்பு எழுதுவதுதான் தவறு.

முதலில் பருவத்தைப் பார்ப்போம். நெல் தாள் எரிவது பெரும்பாலும் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் இறுதி வரைதான். டிசம்பரில் அதே வயல்களில் கோதுமை முளைத்துப் பச்சை கட்டியிருக்கும். ஆனாலும் டிசம்பர், ஜனவரியில் டெல்லிக் காற்று 'மிக மோசம்', 'கடுமை' என்ற நிலைகளுக்கே மீண்டும் மீண்டும் போகிறது. வாகனங்கள், கட்டுமானப் பணிகள், நிலக்கரி மின்நிலையங்கள் என எல்லாம் அப்போதும் இயங்குகின்றன. நகருக்குள்ளேயே இன்னொரு பருவகாலத் தீயும் உண்டு: குடியிருப்பு வாசல்களில் இரவுக் காவலர்கள் குளிர்காயச் சருகு, மரத்துண்டு, சில சமயம் பிளாஸ்டிக்கும் போட்டு மூட்டும் தீ.

மே மாதமோ வேறு கதை சொல்கிறது. கோதுமை அறுவடை முடிந்ததும் பஞ்சாபில் மீண்டும் ஆயிரக்கணக்கான இடங்களில் தாள் எரிகிறது. கோதுமை வைக்கோல் பெரும்பாலும் மாட்டுத் தீவனமாகிவிடுவதால் நெல்லை விட எரிப்பு குறைவு என்பது சரிதான். ஆனால் டெல்லி திணறாமல் இருக்க அது மட்டும் காரணமல்ல. மே வெயிலில் சூடேறும் தரை காற்றை மேலே தள்ளுகிறது. பிற்பகலில் புகை இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்து கலைகிறது. நவம்பர் இரவிலோ தரை சட்டென்று குளிர, மேலே வெதுவெதுப்பான காற்று ஒரு மூடி போலக் கவிகிறது. நகரம் வெளியிடும் அத்தனையும் சில நூறு மீட்டர் உயரத்துக்குள் அடைபடுகிறது. காற்றும் அசையாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

'தீயைக் குறைத்தால் டெல்லி தப்பிக்கும்' என்பது அடுத்த வாதம். பஞ்சாபில் செயற்கைக்கோள் கணக்கிட்ட தீச்சம்பவங்கள் 2022-இல் 49,922, 2023-இல் 36,663, 2024-இல் 10,909. இந்தச் சரிவை அப்படியே நம்ப முடியாது. செயற்கைக்கோள் கடந்துபோன பிறகு, மாலையில் கொளுத்தும் வழக்கம் பெருகியிருக்கிறது. ஆனாலும் எரிப்பு ஓரளவு குறைந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. அப்படிக் குறைந்த ஆண்டிலேயே, 2024 நவம்பர் 18 அன்று, டெல்லியின் காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது. அந்த அளவுகோலின் உச்சமே 500தான்.

விவசாயியைப் பொறுப்பற்றவர் என்று ஏசுவது இன்னும் அநியாயம். நிலத்தடி நீரைக் காக்க 2009-இல் பஞ்சாப் கொண்டுவந்த சட்டம், ஜூன் 10-க்கு முன் நாற்று நடக் கூடாது என்றது. நோக்கம் நல்லதே. ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைக்க இரண்டு, மூன்று வாரம்தான் மிஞ்சுகிறது. அறுவடை இயந்திரம் கதிரை வாரிக்கொண்டு, அடித்தாளை நட்டபடியும் வைக்கோலை வரிசையாகக் கொட்டியும் விட்டுப்போகிறது. சிலிக்கா மிகுந்த அந்த வைக்கோலை மாடும் விரும்பித் தின்பதில்லை. அதை மண்ணில் மடக்கி உழ டீசலும் வாடகையும் வேண்டும். தீப்பெட்டிக்குச் செலவே இல்லை.

'எல்லாம் வானிலையின் குற்றம்' என்று கைவிரிப்போரும் இருக்கிறார்கள். 2023 நவம்பர் 9-இல் 437-ஆக இருந்த குறியீடு, இரவு பெய்த மழையால் மறுநாள் 279-ஆக இறங்கியது. 12-ஆம் தேதி தீபாவளியன்று 218. பட்டாசு வெடித்து முடிந்த அடுத்த நாளே 358! மழை கழுவித் தந்த காற்று ஒரே இரவில் பாழானது. 2025 அக்டோபரில் செயற்கை மழைக்காக விமானம் பறக்கவிட்டும் பலனில்லை. மேகத்தில் போதிய ஈரமே இல்லை. வானிலையை மாற்ற முடியாது, ஆனால் காற்று எப்போது தேங்கும் என்று சில நாள்களுக்கு முன்பே கணிக்க முடிகிறது. லாரிகளையும் கட்டுமானத்தையும் நிறுத்தும் ஆணை அந்தக் கணிப்பைப் பார்த்தே வந்திருக்க வேண்டும். 2024 நவம்பரில் அது தாமதமானதைத்தான் உச்ச நீதிமன்றம் கண்டித்தது.