கால் கிலோ பொடியில் காபி எவ்வளவு?

காலை ஆறு மணி. கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மாமியார், டபராவில் ஆற்றிய காபியை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறார்.

“என்னம்மா இது, கறுப்பா கெட்டியாத்தான் இருக்கு. ஆனா காபி வாசனையையே காணோமே. பாலை மாத்திட்டியா?”

“இல்லை அத்தை, அதே பால்தான். பொடிதான் இந்த மாசம் வேற. பழைய பாக்கெட் விலை ஏறிடுச்சேன்னு இதை வாங்கினேன்.”

சொல்லிவிட்டு மருமகள் சமையலறைக்குப் போய் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிறாள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது: காபி 55 சதவிகிதம், சிக்கரி 45 சதவிகிதம். அதாவது, அரைக் கிலோ பாக்கெட்டில் காபி 275 கிராம்தான். மீதி 225 கிராம் சிக்கரி.

சமீப காலத்தில் பல வீடுகளில் நடந்த உரையாடல்தான் இது. உலகத்திலேயே அதிகமாகக் காபி விளையும் பிரேசிலிலும், அதற்கு அடுத்த இடத்தில் இருக்கும் வியட்நாமிலும் வறட்சி. 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் அராபிகா காபியின் விலை, 1977-ல் தொட்ட பழைய உச்சத்தையே தாண்டியது. அந்தச் சூடு நம் தெருமுனைக் காபிப்பொடி கடை வரைக்கும் வந்து சேர்ந்தது. விலை ஏறும்போது, பொடியில் காபியைக் குறைத்து சிக்கரியைக் கூட்டுவது சுலபமான வழி. வாங்குகிறவர் அதைத் தெரிந்து வாங்கினால் பிரச்னை இல்லை. தெரியாமல் வாங்குவதில்தான் நஷ்டம்.

சிக்கரி கெட்டதா?

இல்லை. சிக்கரி ஒரு செடியின் வேர். அதை நறுக்கி, உலர்த்தி, வறுத்து அரைக்கிறார்கள். நம் நாட்டில் குஜராத்தின் ஜாம்நகர் பகுதியிலும், உத்தரப்பிரதேசத்திலும் விளைகிறது. நெப்போலியன் காலத்தில் கடல் வழி வாணிபம் முடங்கி, பிரான்சில் காபிக்குத் தட்டுப்பாடு வந்தபோது இந்த வேரைக் கலந்து குடிக்கும் பழக்கம் அங்கே பரவியது.

சிக்கரியில் காஃபின் கிடையாது. காபியின் மணமும் கிடையாது. ஆனால், நிறம் உண்டு, லேசான கசப்பு உண்டு. வறுத்த காபிப்பொடியில் சுமார் 30 சதவிகிதம்தான் தண்ணீரில் கரையும். சிக்கரியில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். அதனால்தான் சிக்கரி அதிகமுள்ள டிகாக்‌ஷன் பார்க்கக் கறுப்பாகவும் கெட்டியாகவும் இருக்கிறது. ‘திடமான காபி’ என்று நாம் நினைப்பது பல நேரங்களில் சிக்கரியின் நிறம்தான்.

பால் சேர்த்துக் குடிக்கும் நம் காபிக்கு 10 முதல் 20 சதவிகிதம் சிக்கரி பொருத்தமாகவே இருக்கும். பாலில் டிகாக்‌ஷன் காணாமல் போகாமல் தாங்கிப்பிடிக்கும். அதற்கு மேல் போகப்போக வாசனை குறைந்து கசப்புதான் முன்னால் நிற்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

காபி-சிக்கரி கலவை என்று விற்கும் பொடியில் குறைந்தது 51 சதவிகிதம் காபி இருக்க வேண்டும். காபி எத்தனை சதவிகிதம், சிக்கரி எத்தனை சதவிகிதம் என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும். இது உணவுப் பாதுகாப்பு விதி. ஆகவே, விலையைப் பார்ப்பதற்கு முன் இந்த இரண்டு எண்களையும் பார்ப்பது நல்லது. 80:20 பாக்கெட்டையும் 55:45 பாக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விலையை மட்டும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

வறுத்து அரைத்துத் தரும் கடையில் வாங்குகிறவர்களுக்கு இன்னும் வசதி. கொட்டையைத் தனியாக, சிக்கரியைத் தனியாக எடை போடச் சொல்லிக் கண்ணெதிரே கலக்கச் சொல்லலாம். “சிக்கரி போட்டுத் தாங்க” என்று பொதுவாகச் சொல்லாமல், “கால் கிலோவுக்கு சிக்கரி 50 கிராம்” என்று கணக்காகச் சொல்ல வேண்டும். கொட்டை 200, சிக்கரி 50. அதுதான் 80:20.

பீபெரி, பிளான்டேஷன் ஏ... இதெல்லாம் என்ன?

கடைப் பலகையில் இருக்கும் பெயர்களைப் பார்த்துப் பலர் குழம்புவது உண்டு. விஷயம் எளிது.

காபியில் முக்கியமான இனங்கள் இரண்டு. ஒன்று அராபிகா, உயரமான மலைச்சரிவில் விளைவது, மணமும் லேசான புளிப்பும் கொண்டது. இன்னொன்று ரோபஸ்டா, அதைவிடத் தாழ்வான இடங்களில் விளைவது, மணம் குறைவு, கசப்பும் திடமும் அதிகம். காஃபினும் அராபிகாவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்தியாவில் விளைவதில் பெரும்பகுதி ரோபஸ்டாதான். கர்நாடகத்தின் சிக்மகளூர், குடகு, ஹாசன் மாவட்டங்களும், கேரளத்தின் வயநாடும் பெரிய காபிப் பிரதேசங்கள். தமிழ்நாட்டின் ஏற்காடு, கொடைக்கானல் கீழ்மலை, நீலகிரி, வால்பாறைப் பகுதிகளிலும் காபித் தோட்டங்கள் உண்டு. இங்கே அராபிகாதான் அதிகம்.

பழத்தைத் தோல் நீக்கி, ஊறவைத்து, கழுவி உலர்த்திய அராபிகாவுக்கு ‘பிளான்டேஷன்’ என்று பெயர். அதில் பெரிய அளவுக் கொட்டை ‘ஏ’. அதே முறையில் பதப்படுத்திய ரோபஸ்டாவுக்கு ‘பார்ச்மென்ட்’ என்று பெயர். பழத்தை அப்படியே வெயிலில் காயவைத்து எடுத்தால் அது ‘செர்ரி’.

பீபெரி தனி இனம் அல்ல. சாதாரணமாக ஒரு பழத்துக்குள் இரண்டு கொட்டைகள் முகத்தோடு முகம் ஒட்டி இருக்கும். அதனால்தான் ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறது. சில பழங்களில் ஒரே கொட்டை மட்டும் உருண்டையாக வளர்ந்துவிடும். அதுதான் பீபெரி. உருண்டையாக இருப்பதால் வறுக்கும் டிரம்மில் நன்றாகப் புரண்டு சீராக வறுபடும். ஆனால், ரோபஸ்டா செடியிலும் பீபெரி காய்க்கும். எனவே பீபெரி கேட்பவர்கள், “அராபிகா பீபெரியா, ரோபஸ்டா பீபெரியா?” என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டுக்கும் விலையும் வேறு, ருசியும் வேறு.

பட்ஜெட்டுக்கு ஒரு கலவை

விலை கட்டுப்படியாகவில்லை என்றால் என்ன செய்வது? சிக்கரியை ஏற்றுவதற்குப் பதிலாக, அராபிகாவில் ஒரு பங்கை ரோபஸ்டாவாக மாற்றலாம். இதுதான் பல வீடுகளுக்குத் தெரியாத வழி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புரிவதற்காக மட்டும் அராபிகா கிலோ 1,000 ரூபாய், ரோபஸ்டா 700 ரூபாய், சிக்கரி 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். (கடைக்குக் கடை விலை மாறும்.)

• அராபிகா 80, சிக்கரி 20: கிலோ 860 ரூபாய்.

• அராபிகா 55, சிக்கரி 45: கிலோ 685 ரூபாய்.

• அராபிகா 40, ரோபஸ்டா 40, சிக்கரி 20: கிலோ 740 ரூபாய்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் கிலோவுக்கு 55 ரூபாய்தான் வித்தியாசம். மாதம் அரைக் கிலோ வாங்கும் வீட்டுக்கு 27 ரூபாய் 50 காசு. ஆனால், இரண்டாவது கலவையில் அரைக் கிலோவுக்கு 275 கிராம் காபி. மூன்றாவதில் 400 கிராம் காபி. திடத்துக்கு ரோபஸ்டா, வாசனைக்கு அராபிகா, நிறத்துக்குக் கொஞ்சம் சிக்கரி என்று மூன்றும் அதனதன் வேலையைச் செய்யும்.

ஒரு எச்சரிக்கை: ரோபஸ்டா கூடினால் காஃபினும் கூடும். ஒரு நாளைக்குக் காஃபின் 300 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்றும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் காபி, டீ வேண்டாம் என்றும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. சாப்பாட்டோடு குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ரத்தசோகை உள்ள பெண்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். தூக்கம் வராமல் தவிக்கும் பெரியவர்களுக்கு மாலைக் காபியில் ரோபஸ்டா வேண்டாம்.

ஒரு டம்ளர் தண்ணீர் போதும்

வாங்கிய பொடியில் சிக்கரி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, மேலே அரை ஸ்பூன் பொடியைத் தூவவும். கலக்கக் கூடாது. காபிப்பொடி சிறிது நேரம் மேலேயே மிதக்கும். சிக்கரி சில விநாடிகளில் மூழ்க ஆரம்பித்து, பழுப்பு நிறக் கோடுகளை இழுத்துக்கொண்டே கீழே போகும். எத்தனை சதவிகிதம் என்று இந்தச் சோதனை சொல்லாது. ஆனால், ‘சிக்கரி சேர்க்காத சுத்தமான காபி’ என்று சொல்லி வாங்கிய பொடி உடனே கோடு போட்டால், கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி கையில் இருக்கிறது.

இனி ஃபில்டர்

நல்ல பொடியையும் கெடுக்க முடியும். கீழே உள்ள சில விஷயங்களில் கவனம் வைத்தால் போதும்.

• ஃபில்டர் ஈரமில்லாமல் இருக்கட்டும். ஈரத்தில் பொடி ஒட்டிக்கொண்டு துளைகளை அடைக்கும்.

• மூன்று பேருக்குக் குவியலாக மூன்று மேசைக்கரண்டி பொடி. மேல் பாத்திரத்தில் போட்டு, லேசாகத் தட்டிச் சமன் செய்து, குடை போன்ற துளைத்தட்டை மேலே வைக்கவும். பலமாக அழுத்தினால் இறங்காது. அழுத்தாமல் விட்டால் தண்ணீர் ஓடிவிடும்.

• தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, அரை நிமிடம் விட்டு ஊற்றவும். முதலில் பொடி நனையும் அளவுக்கு மட்டும் சுற்றி ஊற்றி, அரை நிமிடம் கழித்து மீதியை ஊற்றலாம். மொத்தம் ஒரு டம்ளர் தண்ணீர், அதாவது 150 முதல் 175 மில்லி.

• மூடிவைத்துவிட்டு 15 நிமிடம் வேறு வேலை பார்க்கலாம். சொட்டுச் சொட்டாக இறங்குவதுதான் சரி. ஐந்தே நிமிடத்தில் இறங்கிவிட்டால் அரைப்பு கரகரப்பு. அரை மணி நேரமாகியும் இறங்கவில்லை என்றால் அரைப்பு மிகவும் நைஸ், அல்லது துளை அடைப்பு.

• அடைத்த துளைகளுக்கு, எவர்சில்வர் அல்லது பித்தளை ஃபில்டரின் அடிப்பாகத்தை அடுப்புத் தீயில் கொஞ்ச நேரம் காட்டி, ஆறியதும் தட்டினால் பழைய பொடி உதிர்ந்துவிடும்.

• டிகாக்‌ஷனை நேராக அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடக் கூடாது. மணம் போய்க் கசப்பு மிஞ்சும். சூடு வேண்டுமென்றால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் டிகாக்‌ஷன் பாத்திரத்தை வைத்தால் போதும்.

• பொடி அரைத்த நாளிலிருந்தே வாசனை குறையத் தொடங்கும். ஒரு மாதத்துக்கு மொத்தமாக வாங்குவதைவிட, பத்து நாளைக்கு ஒருமுறை கால் கிலோவுக்குள் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது மேல்.

பால் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கும்பகோணம் டிகிரி காபிக்கு அந்தப் பெயர் வந்ததே, பாலின் தரத்தை லாக்டோமீட்டரில் டிகிரி பார்த்து வாங்கியதால்தான் என்பார்கள். ‘சிக்கரி’ என்பதுதான் மருவி ‘டிகிரி’ ஆனது என்று சொல்பவர்களும் உண்டு. எது உண்மையாக இருந்தாலும், அப்போதுதான் காய்ச்சிய பாலுக்கு இருக்கும் ருசி, நாலாவது முறை சூடுபடுத்திய பாலுக்கு வராது.

அடுத்த வாரம் மருமகள் காபிப்பொடி கடைக்குப் போனாள். அராபிகா நூறு, ரோபஸ்டா நூறு, சிக்கரி ஐம்பது என்று கணக்குச் சொல்லிக் கால் கிலோ அரைத்து வாங்கி வந்தாள். மறுநாள் காலை மாமியார் ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளிக்கவில்லை. இரண்டாவது வாயும் குடித்தார்.

“எப்படி இருக்கு அத்தை?”

“காபி சரியா இருக்கு. சர்க்கரைதான் ஒரு சிட்டிகை தூக்கல்.”