நோய் நீங்கியும் நீங்காப் பெயர்

நம் கல்லூரி வாயிலுக்கு வெளியே, மதிற்சுவர் ஓரத்து வேப்பமரத்தடியில், மாலைதோறும் வறுத்த வேர்க்கடலை விற்கும் முதியவரை அறியாத மாணவர் இரார். அவர் பெயரை அறிந்த மாணவரும் இரார். "குஷ்டக் கடலை" என்று, அவருக்கும் அவர் சரக்கிற்கும் சேர்த்தே ஒரு பெயர் விடுதியில் வழங்கி வருகின்றது. அதனை இட்டவர் யாரோ அறியேன். வழங்கியவருள் யானும் ஒருவன் என்பதை மறைத்துப் பயனில்லை.

முதலாண்டில் ஒரு நாள் அவரிடம் கடலை வாங்கினேன். மீதிச் சில்லறையை மடங்கிய விரல்களிடையே பற்றி அவர் நீட்டியபோது, என் கை தானே பின்வாங்கிற்று. "சுவர்மேல் வையுங்கள்" என்றேன். வைத்தார். முகத்தில் வருத்தமோ சினமோ தோன்றவில்லை. ஆயின் மறுநாள் முதல், வாங்குபவர் யாராயினும், கேளாமலே சில்லறையைச் சுவர்மேல் வைக்கலானார். அவர் கையால் மடித்த பொட்டலத்தை வாங்கத் தயங்காத எனக்குக் காசு மட்டும் ஆகாமற்போன நியாயம் இன்றும் எனக்கு விளங்கவில்லை.

நிற்க. அந்நோயைப்பற்றி நாம் அறிந்திருக்க வேண்டியது யாது? அது பாவத்தின் பயனுமன்று, பரம்பரைச் சாபமுமன்று. ஒரு கிருமியால் வருவது என்பதை நார்வே நாட்டு வைத்தியர் ஹான்சன் 1873-ம் ஆண்டிலேயே கண்டறிந்தார். மக்களுட் பெரும்பாலோருக்கு அக்கிருமியை எதிர்க்கும் வன்மை இயற்கையிலேயே உண்டு. 1980-களின் தொடக்கத்தில் வழக்கிற்கு வந்த கூட்டு மருந்துச் சிகிச்சை ஆறு மாதத்தில், அல்லது ஓராண்டில், நோயை அறவே நீக்கிவிடுகின்றது. மருந்து உட்கொள்ளத் தொடங்கிய சில நாட்களுக்குள்ளாகவே பிறருக்குத் தொற்றும் நிலையும் மாறிவிடும். அவ்வாறாயின் விரல்கள் ஏன் மடங்கியே இருக்கின்றன? நோய் நரம்பைத் தாக்குவதால் தசை செயலிழக்கின்றது, உணர்ச்சியும் அற்றுப்போகின்றது. சுடுகலத்தைத் தொட்டாலும், முள் தைத்தாலும் வலியில்லை, வலியில்லாமையால் காப்புமில்லை. விரல்கள் தேய்வதற்கு இத்தகைய காயங்களே பெரிதும் காரணமென்பதை, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு எடுத்துக்காட்டி, மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையையும் அங்கே வளர்த்தார். அஃதாவது, நோய் போன பின்னும் அது விட்டுச்சென்ற வடு நிற்கும். நாமோ வடுவைக் கண்டு நோயின் பெயரால் ஆளை அழைக்கின்றோம்.

சட்டமும் நெடுங்காலம் அவ்வாறே அழைத்தது. 1898-ம் ஆண்டுக் குஷ்டரோகிகள் சட்டம் 2016-ல்தான் ஒழிந்தது. இந்நோயைக் காரணங்காட்டி மணவிலக்குக் கோரும் உரிமை 2019-ல்தான் நீக்கப்பட்டது. ஆயினும் சட்டப் புத்தகத்தினின்றும் அடித்த சொல்லை விடுதித் தாழ்வாரத்தினின்றும் அடிப்பவர் யார்?

இங்கே ஒன்று கூறுவேன். சிலர்க்கு அது கசக்கலாம். நம் மாணவர் சங்கத்தார் ஒருமுறை தொழுநோயாளர் இல்லமொன்றிற்குச் சென்று பழமும் துணியும் வழங்கினர். நற்செயலே; யானும் உடன் சென்றேன்; நிழற்படமும் எடுத்துக்கொண்டோம். திரும்பிய அன்று மாலையே வேப்பமரத்தடியில் கடலை வாங்கிச் சில்லறையைச் சுவர்மேலிருந்துதான் எடுத்தேன். கொடுக்கும்போது நம் கை மேலே நிற்கின்றது. அதனால் கொடுத்தல் எளிதாகின்றது. ஒருவர் கையிலிருந்து ஒன்றை வாங்கும்போதன்றோ அவரும் நாமும் சமமாக நிற்கின்றோம்! தருமத்திற்கு நாள் குறிக்கின்ற நாம், இச்சிறு கொடுக்கல் வாங்கலைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

சென்ற கார்த்திகை மாதத்தில், முதலாண்டு மாணவன் ஒருவன் எனக்கு முன் நின்று கடலை வாங்கினான். முதியவர் வழக்கம்போல் காசைச் சுவர்மேல் வைக்கப்போனார். "ஏன் ஐயா, கையிலேயே கொடுங்கள்" என்று அவன் உள்ளங்கையை நீட்டினான். அவர் ஒரு கணம் அவனை நோக்கினார். பின் என்னை நோக்கினார். காசு அவன் கையில் விழுந்தது. அவன் விஷயம் அறிந்து செய்தானா, அறியாது செய்தானா என்று யான் கேட்கவில்லை, கேட்க வெட்கமாயிருந்தது.

அடுத்து யானும் கையை நீட்டினேன். அவர் பெயரைக் கேட்டேன்; சொன்னார். "தம்பிக்கு எந்த ஊர்?" என்று அவரும் கேட்டார். இப்பொழுது எங்களுள் சிலருக்குச் சில்லறை கைக்கே வருகின்றது. எனினும் சில மாலைகளில், பழக்கத்தால், அவர் கை முதலில் சுவர்ப்பக்கம் போய்த்தான் திரும்புகின்றது.