கரடுமுரடான உரோமமும் பொறுமையான கைகளும்

கோடை தொடங்கியதும், டெரியர் நாய் வளர்ப்போர் பலருக்கு ஓர் எண்ணம் எழுவது இயல்பு. "இத்தனை உரோமத்தைச் சுமந்துகொண்டு இந்த வாயில்லாப் பிராணி வெயிலை எவ்வாறு தாங்கும்? ஒட்ட வெட்டிவிட்டால் என்ன?" என்பர். இரக்கத்தினின்று பிறக்கும் கேள்விதான். ஆயினும், இரக்கத்தோடு அறிவும் சேராவிடில், நன்மை செய்யப் போய்த் தீமை விளைவிப்போம். எனவே இம்மாதம் அதனைக் குறித்துச் சிறிது சிந்திப்போம்.

நிலத்தைக் குறிக்கும் 'தெர்ரா' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்ததே 'டெரியர்' என்னும் பெயர். பிரித்தானியத் தீவுகளில், நரியைத் தேடி வளைக்குள் நுழையவும் எலிகளை ஒழிக்கவும் வளர்க்கப்பட்ட நாய்கள் இவை. இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் எயர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தோன்றிய எயர்டேல் என்னும் பெரிய டெரியர், 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் செய்தி சுமக்கும் பணியும் புரிந்தது. முள்ளிலும் சேற்றிலும் உழைத்த இவற்றுக்கு உரோமமே கவசம்.

எயர்டேல், கம்பியுரோம ஃபாக்ஸ் டெரியர் போன்றவற்றின் உரோமம் இரண்டு அடுக்குகளாக அமைந்தது. மேலே விறைப்பான உரோமம். அடியில் மென்மையான உரோமம். மேலுரோமம் வளர்ந்து முதிர்ந்தபின் வேரில் பிடி தளர்ந்து நிற்கும். அதனை விரலால் களைந்தால் அவ்விடத்தில் புதிய விறைப்பான உரோமம் முளைக்கும். கத்தரித்தாலோ, முதிர்ந்த அடிப்பகுதி தோலிலேயே தங்கிவிடும். நாளடைவில் உரோமம் மென்மையாகி நிறமும் மங்கும்.

நாய் நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இரைத்தே பெரும்பாலும் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. ஆகவே உரோமத்தை ஒட்ட மழிப்பதால் நாம் எண்ணும் குளிர்ச்சி கிட்டாது. வெயில் நேரே தோலைத் தாக்கவே வழியுண்டாகும். உதிர்ந்து சிக்கிய அடியுரோமத்தைச் சீவி அகற்றுவதும், நிழலும் நீரும் தருவதும், வெயில் தாழ்ந்தபின் உலாவ அழைத்துச் செல்வதுமே உண்மையான உதவி.

வாரம் இருமுறையேனும் சீப்பு தோல்வரை செல்லுமாறு சீவுதல் வேண்டும். தாடி, கால்கள், முன்னங்கால் அக்குள் ஆகிய இடங்களில் சிக்கு விழும். அதனை இழுக்காமல் விரலால் பிரித்தபின் சீவுக. விரலிடுக்கிலும் காதிலும் உண்ணி ஒளிந்திருக்கும். சிறு இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்கவேண்டும். உண்ணியால் கொடிய காய்ச்சல் பரவக்கூடும். நாய் சோர்ந்து உணவை மறுத்தால் தாமதியாது கால்நடை மருத்துவரிடம் காட்டுக.

முதிர்ந்த உரோமத்தைக் களைவது ஆண்டுக்கு இருமுறை போதும். முதுகில் சில இழைகளைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பற்றி, வளர்ந்த திசையிலேயே இழுத்துப் பாருங்கள். எளிதில் வந்தால் பருவம் வந்துவிட்டது. நாய் சிலிர்த்துத் திமிறினால் இன்னும் வரவில்லை. மறுகையால் தோலை இறுக்கிப் பிடித்து, சிறிது சிறிதாகக் களைக. முதல்நாள் குளிப்பாட்ட வேண்டாம். வழுக்கினால் விரலில் சாக்குத் தூளைத் தடவிக்கொள்ளலாம். தொண்டை, வயிறு போன்ற மென்மையான இடங்களில் கத்தரிக்கோலே தகும்.

இம்முறை எல்லா டெரியருக்கும் பொருந்தாது. யார்க்சயர் டெரியரின் பட்டுப்போன்ற உரோமத்தைப் பிடுங்குதல் கூடாது. அதற்குச் சீவுதலும் அளவாகக் கத்தரித்தலுமே முறை. முதுமையடைந்த நாய்க்கும் தோல்நோயுள்ள நாய்க்கும் களைதல் வேதனை தருமாயின், அழகைப் பாராது கத்தரித்துவிடுவதே அன்பு. குளிப்பாட்ட நம் சோப்பு வேண்டாம். நாய்க்கென உள்ளதையே பயன்படுத்தி, நன்கு அலசித் துவட்டுக.

குட்டிப் பருவத்திலேயே நாள்தோறும் ஐந்து நிமிடம் பழக்கினால், பிற்காலத்தில் போராட்டம் இராது. பிள்ளைகளையும் அருகில் அமர்த்திச் சீப்பைக் கையில் கொடுங்கள். நாய் சலிப்புறும் முன்பே நிறுத்தவும் கற்பியுங்கள். தனக்கு வலிக்கும் இடம் எதுவென்று அதனால் சொல்ல இயலாது. வாரந்தோறும் அதன் உடலைத் தடவி அறிந்த கைதான், நேற்றுவரை இல்லாத கட்டியையோ புண்ணையோ காலத்தே கண்டுகொள்ளும்.